கல்லூரி மாணவருக்கு முதல் கிரெடிட் கார்டு: எஃப்டி போடுவதிலிருந்து கடன் அறிக்கை பார்ப்பது வரை

உறவுப் பிள்ளைகள், அவர்களுடைய விடுதி நண்பர்கள் என்று ஏழெட்டுப் பேருக்கு முதல் கிரெடிட் கார்டு எடுக்கப் பக்கத்தில் இருந்து உதவியிருக்கிறேன். கார்டு கிடைக்காமல் திண்டாடியவர்கள் குறைவு. கிடைத்த பிறகு முதல் மூன்று பில்லுக்குள் தடுமாறியவர்கள்தான் அதிகம். அதனால் வாங்கும் விதத்தைச் சுருக்கமாகவும், பில் கட்டும் விதத்தை விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

இது இந்தியாவில் படிக்கும், 18 வயது முடிந்த, மாதச் சம்பளம் இல்லாத மாணவர்களுக்கானது. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முன் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் பாதியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

1. விண்ணப்பத்துக்கு முன்: நான்கு விஷயங்கள்

பான் கார்டு, ஆதார், மொபைல் எண், உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு. இந்த நான்கும் எல்லோரிடமும் இருக்கும். ஆனால் நான்கும் சரியான நிலையில் இருப்பது அபூர்வம்.

பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் பான் எடுத்திருந்தால் அந்த அட்டையில் உங்கள் படமும் கையெழுத்தும் இருக்காது. திருத்த விண்ணப்பம் கொடுத்துப் படம் போட்ட அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். எண் அதேதான் இருக்கும்.

ஆதாரில் இணைத்த மொபைல் எண் பெரும்பாலும் அப்பாவுடையதாக இருக்கும். விண்ணப்பத்தின் நடுவில் ஓடிபி ஊரில் இருக்கும் அவர் போனுக்குப் போகும். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். முதலிலேயே ஆதார் மையத்துக்குப் போய் உங்கள் எண்ணை இணைத்துவிடுங்கள். இரண்டு எழுத்து மாறியிருந்தாலும் பான், ஆதார் இரண்டிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் விரிவாகப் பின்னாலும் இருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். விண்ணப்பம் அங்கேதான் நிற்கும்.

உதவித்தொகைக்காகச் சிறுவயதில் தொடங்கிய வங்கிக் கணக்கு ‘மைனர்’ கணக்காகவே இருக்கலாம். கிளைக்குப் போய் கேஒய்சி கொடுத்து, புதுக் கையெழுத்துப் போட்டு ‘மேஜர்’ கணக்காக மாற்றிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. எந்த வகைக் கார்டு என்று முடிவு செய்வது

சம்பளச் சீட்டு இல்லாதவருக்குச் சாதாரண கிரெடிட் கார்டு கிடைப்பது அரிது. கிடைக்காது என்று தெரிந்தே நான்கு இடத்தில் விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் கடன் அறிக்கையை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, கேட்டு வாங்கும். அந்த விசாரணைகள் அறிக்கையில் பதிவாகும். கடன் வரலாறே இல்லாதவரின் அறிக்கையில் முதல் வரியாக நான்கு விசாரணைகள் இருப்பது நல்ல தொடக்கமல்ல.

மாணவருக்குப் பொருந்துவது எஃப்டி கார்டு. வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போடுகிறீர்கள். அதைப் பிணையாக வைத்து, அதில் ஒரு பகுதியை லிமிட்டாக (கார்டில் செலவழிக்கக்கூடிய உச்ச வரம்பாக) கொடுத்து வங்கி கார்டு தருகிறது. எஃப்டிக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். கார்டு உள்ளவரை அந்த எஃப்டியை உடைக்க முடியாது, அவ்வளவுதான். எஸ்பிஐ கார்டின் உன்னதி, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட்டின் வாவ், கோட்டக்கின் 811 வரிசைக் கார்டு போன்றவை இந்த வகை.

அப்பா அல்லது அம்மா கார்டின் மேல் எடுக்கும் ஆட்-ஆன் கார்டு இன்னொரு வழி. செலவுக்கு உதவும். ஆனால் பில் அவர்கள் பெயரில் வருவதால் உங்கள் பெயரில் கடன் வரலாறு பெரும்பாலும் உருவாகாது. நீங்கள் செய்யும் தவறு அவர்கள் ஸ்கோரை, அதாவது கடன் அறிக்கையில் வரும் மதிப்பெண்ணை, குறைக்கும்.

வெளிநாட்டுப் படிப்புக்காக ‘ஸ்டூடன்ட்’ என்ற பெயரோடு விற்கும் ஃபாரெக்ஸ் கார்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முன்பணம் போட்டு வைத்துச் செலவழிப்பது, கடன் அல்ல. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று செயலிகள் தருவதோ பல நேரம் உண்மையான கடன். முன்னூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாடுகூடக் கடன் கணக்காக அறிக்கையில் ஏறலாம். கார்டு எடுக்கும் முன் அப்படி ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்த்து, பாக்கியைக் கட்டி மூடிவிடுங்கள்.

3. எவ்வளவு எஃப்டி, எந்த வங்கி

எஃப்டி தொகையை உங்கள் மாதச் செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால் ஸ்கோர் பாதிக்கப்படும் என்பது பொதுவான அளவுகோல். 20,000 ரூபாய் எஃப்டி, அதில் 80 சதவீதம் லிமிட் என்றால் 16,000. அதில் 30 சதவீதம் 4,800. மாதம் 2,000, 3,000 ரூபாய் கார்டில் செலவழிக்கும் மாணவருக்கு இது தாராளம்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். இன்டர்ன்ஷிப் பணம், சேமிப்பு, வீட்டில் மனமுவந்து கொடுத்தது என்றால் சரி. அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருக்கும் பணத்தை எஃப்டியில் போடாதீர்கள். ஃபீஸ் கட்டும் நாளில் எஃப்டியை உடைக்க வேண்டுமென்றால் கார்டை மூடியாக வேண்டும். அதற்கு நாளாகும்.

வங்கிகளை ஒப்பிடும்போது இந்த வரிசையில் பாருங்கள்: குறைந்தபட்ச எஃப்டி எவ்வளவு, அதில் எத்தனை சதவீதம் லிமிட், ஆண்டுக் கட்டணம் உண்டா, உண்டென்றால் எந்த ஆண்டிலிருந்து, ரூபே கார்டாக (விசா, மாஸ்டர்கார்டு போல இந்தியாவின் சொந்தக் கார்டு வலையமைப்பு) கிடைக்குமா. கேஷ்பேக்கும் ரிவார்டு பாயின்ட்டும் கடைசி. மாதம் 2,000 ரூபாய் செலவில் வரும் பாயின்ட்டுகள் ஒரு டீ, வடைக்குத்தான் ஆகும். அதற்காகக் கட்டணமுள்ள கார்டை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரூபேவைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம், 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைக்க முடிகிறது. கடையின் க்யூஆரை ஸ்கேன் செய்து கார்டிலிருந்து கட்டலாம். ஆனால் வணிகக் கணக்குகளுக்கு மட்டும்தான். நண்பருக்கு அனுப்ப முடியாது. தள்ளுவண்டிக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை வைத்திருந்தால் அங்கேயும் போகாது.

‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்று மாலிலோ கல்லூரி வாசலிலோ சொல்பவரின் வாய்வார்த்தையை நம்பி ஓடிபி சொல்லாதீர்கள். கட்டண விவரங்கள் எல்லாம் வங்கி தரும் முக்கிய விதிமுறைகள் பக்கத்தில் அச்சாகி இருக்கும். அந்தப் பக்கத்தில் இல்லாத சலுகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4. விண்ணப்பிக்கும்போது

கார்டு தரும் வங்கியிலேயே, உங்கள் தனிப் பெயரில் எஃப்டி போடுங்கள். அப்பா பெயரில் உள்ள பழைய எஃப்டியைக் காட்ட முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார்டு உங்கள் பெயரில் வேண்டுமானால் எஃப்டியும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். முதிர்வில் தானாகப் புதுப்பிக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

வருமானம் என்ற கட்டத்தில் இல்லாததை எழுத வேண்டாம். தொழில் என்ற இடத்தில் ‘மாணவர்’ இருந்தால் அதையே குறியுங்கள். எஃப்டிதான் பிணை என்பதால் பொய் சொல்லத் தேவையே இல்லை.

முகவரியில் கவனம். கார்டு கூரியரில் வரும். விடுதி முகவரி கொடுத்துவிட்டு அடுத்த வாரம் செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனால் வாட்ச்மேன் வாங்க மாட்டார், கார்டு திரும்பிவிடும். அடுத்த மூன்று வாரம் எங்கே இருப்பீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள்.

5. கார்டு கைக்கு வந்த அன்று

உறையைப் பிரித்ததும் முதலில் பெயரைச் சரிபாருங்கள். அப்புறம் வங்கிச் செயலியில் நீங்களே பின் எண்ணை அமைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 நாளுக்குள் கார்டை இயக்காவிட்டால் வங்கி உங்களிடம் ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் செலவில்லாமல் கணக்கை மூடிவிட வேண்டும். கார்டு வேண்டும் என்பவர்கள் உறையை அலமாரியில் போட்டு மறந்துவிடக் கூடாது.

புதுக் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தொட்டுக் கட்டும் வசதி எல்லாம் அணைந்தே வரும். 2020 முதல் இதுதான் நடைமுறை. ‘ஆன்லைனில் போகவில்லை, கார்டு பழுது’ என்று பதறி வாடிக்கையாளர் சேவைக்கு அழைப்பவர்கள் நிறைய. செயலியில் ஆன்லைனை மட்டும் திறந்து, அதற்கு 3,000 ரூபாய் போல வரம்பு வையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடியே விடுங்கள். தொட்டுக் கட்டும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. கார்டு தொலைந்தால் எடுத்தவர் கையில் அது பணம். எனவே தேவைப்படும்வரை அதையும் மூடி வைக்கலாம்.

6. இரண்டு தேதிகளை எழுதி வையுங்கள்

ஒன்று பில் போடும் தேதி. மற்றது பணம் கட்டக் கடைசித் தேதி, அதாவது டியூ டேட். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் முதல் குழப்பம் ஆரம்பிக்கிறது.

உதாரணமாக, மாதம் 10-ம் தேதி பில், 30-ம் தேதி டியூ டேட் என்று வைப்போம். ஜூன் 9 அன்று வாங்கிய பொருள் ஜூன் 10 பில்லில் வரும். ஜூன் 30-க்குள் கட்ட வேண்டும், 21 நாள் அவகாசம். ஜூன் 11 அன்று வாங்கியது ஜூலை 10 பில்லில்தான் வரும். ஜூலை 30-க்குள் கட்டினால் போதும், 49 நாள். ‘50 நாள் வட்டியில்லாக் கடன்’ என்று விளம்பரத்தில் சொல்வது இந்த இரண்டாவது கணக்கை மட்டும். எல்லாச் செலவுக்கும் 50 நாள் கிடைக்காது.

வீட்டிலிருந்து பணம் 1-ம் தேதி வருகிறது, டியூ டேட் 28 என்றால் ஒவ்வொரு மாதமும் இழுபறிதான். பில் சுழற்சியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பணம் வந்து ஐந்தாறு நாளில் டியூ டேட் விழும்படி முதல் மாதமே மாற்றிக் கேளுங்கள்.

7. முதல் மூன்று மாதம்: ஒரே ஒரு செலவு

மாதாமாதம் எப்படியும் நடக்கும் ஒரு செலவைத் தேர்ந்தெடுங்கள். மொபைல் ரீசார்ஜ், பஸ் அல்லது ரயில் டிக்கெட், ஜெராக்ஸ் கடை, ஏதாவது ஒன்று. அதை மட்டும் கார்டில் கட்டுங்கள். மற்றதெல்லாம் பழையபடியே நடக்கட்டும். ஒரே செலவு என்றால் பில் வரும்போது அதில் உள்ள வரிகள் உங்களுக்கு அடையாளம் தெரியும். தெரியாத ஒரு வரி இருந்தால் உடனே கண்ணில் படும்.

கார்டில் செலவழித்த அன்றே அந்தத் தொகையைச் சேமிப்புக் கணக்கில் தனியாக ஒதுக்கி வையுங்கள். என் அக்கா மகள் விடுதி அறையின் அலமாரிக் கதவு உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். தேதி, கடை, தொகை, ‘ஒதுக்கியாச்சு’ என்று நான்கு கட்டம். ‘ஒதுக்கியாச்சு’ கட்டத்தில் டிக் போட முடியாத செலவைக் கார்டில் செய்ய மாட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தத் தாள் அவளுக்கு அதிகம் உதவியிருக்கிறது.

8. பில் கட்டுவது

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்த நிலுவை, மற்றது மினிமம் டியூ. இரண்டாவது பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவீதம் அளவில் இருக்கும். கட்ட வேண்டியது மொத்த நிலுவை, அதுவும் கடைசிப் பைசா வரை.

நண்பரின் மகன் ஒருவன் போனைக் காட்டி, “மாமா, பில் 324 ரூபாய்தான் வந்திருக்கு, கட்டிட்டேன்” என்றான். திரையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தேன். மொத்த நிலுவை 6,480. அவன் கட்டியது மினிமம் மட்டும். அந்தச் செயலியில் அந்தத் தொகைக்கு எதிரேதான் டிக் முன்கூட்டியே விழுந்திருந்தது. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி ஓடும்.

வட்டி எப்படி ஓடும் என்பதைப் பாருங்கள். மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று கொள்வோம். கார்டு உலகில் இது வழக்கமான விகிதம்தான். ஜூன் 11 அன்று 12,000 ரூபாய்க்குப் போன் வாங்கினீர்கள். ஜூலை 30 அன்று 11,000 கட்டிவிட்டு 1,000 மட்டும் பாக்கி வைத்தீர்கள். வட்டி அந்த 1,000-க்கு மட்டும்தானே என்று தோன்றும். இல்லை. முழுத் தொகையும் கட்டாததால் வட்டியில்லா அவகாசமே போய்விடுகிறது. பல வங்கிகளின் கணக்குப்படி 12,000-க்கும் வாங்கிய நாளிலிருந்து 49 நாள் வட்டி, சுமார் 677 ரூபாய். மீதி 1,000-க்கு அடுத்த பில் வரை 11 நாள் வட்டி, சுமார் 13. இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 813 ரூபாய்க்குப் பக்கம். ஆயிரம் ரூபாயைப் பதினொரு நாள் தள்ளிப்போட்டதற்கு எண்ணூறு ரூபாய்! இதோடு நிற்காது. பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

டியூ டேட்டுக்கு மூன்று, நான்கு நாள் முன்பே கட்டிவிடுங்கள். சில வழிகளில் கட்டிய பணம் கார்டுக் கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். மறந்துவிட்டால் பதற வேண்டாம். டியூ டேட் கடந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடவும், கடன் அறிக்கை தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் ‘பாக்கி’ என்று தெரிவிக்கவும் வங்கிக்கு அனுமதி. நினைவு வந்த நிமிடமே கட்டுங்கள். ஆனால் இதை மூன்று நாள் கூடுதல் அவகாசம் என்று பழக்கிக்கொள்ளாதீர்கள். வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை.

பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஆட்டோ டெபிட் வைப்பது நல்லது. வைக்கும்போது ‘மொத்த நிலுவை’ என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். ‘மினிமம்’ என்று வைத்துவிட்டு எல்லாம் தானாகக் கட்டிக்கொள்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. முதல் பில்லுக்கு ஆட்டோ டெபிட் அமலாகியிருக்காமல் போகலாம். அதைக் கையாலேயே கட்டுங்கள்.

வாங்கிய சட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தால், பணம் திரும்பி வரும் என்று காத்திருந்து பில்லைக் குறைத்துக் கட்ட வேண்டாம். முழுதும் கட்டுங்கள். திரும்பி வரும் பணம் கார்டுக் கணக்கில் உங்கள் வரவாகவே இருக்கும்.

9. கார்டில் செய்யவே கூடாதவை

ஏடிஎம்மில் பணம் எடுப்பது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். 500 ரூபாய் எடுத்தாலும் கட்டணமே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரக்கூடும்.

நண்பர்களுக்காக ஸ்வைப் செய்வது. “நீ போடு, நான் ஜிபே பண்றேன்” என்று சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் வீட்டிலிருந்து பணம் வரத் தாமதமாகும். பில்லில் இருப்பது உங்கள் பெயர். பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு போடுங்கள், அல்லது முடியாது என்று சொல்லிவிடுங்கள். விடுதியில் நட்பு கெட்ட கதைகளில் பாதி இங்கே ஆரம்பிப்பதைக் கண்டிருக்கிறேன்.

‘நோ காஸ்ட்’ இஎம்ஐ, அதாவது வட்டியில்லை என்று சொல்லி விற்கும் மாதத் தவணை. செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மேல் ஜிஎஸ்டியும் வரலாம். அதைவிட, 16,000 லிமிட்டில் 12,000-க்கு இஎம்ஐ போட்டால் கார்டு பல மாதம் முடங்கிக் கிடக்கும்.

பெட்ரோல் பங்க்கில் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அதைத் தள்ளுபடி செய்யும் சலுகை குறிப்பிட்ட தொகைக்கு மேல்தான் வரும். 100, 200 ரூபாய்க்கு அடிப்பவர்கள் பணமாகவோ யுபிஐயிலோ கட்டுவதே சரி.

10. பணம் பறிபோனால் முதல் பத்து நிமிடம்

முதலில் செயலியில் கார்டை முடக்குங்கள். அடுத்து வங்கியை அழைத்துப் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது 1930, இது சைபர் மோசடிக்கான அரசின் உதவி எண். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து ஒரு நாளைக் கடத்தாதீர்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போனது உங்கள் பொறுப்பு. இரண்டிலும் வேகம்தான் காப்பாற்றும்.

‘லிமிட் உயர்த்துகிறோம்’, ‘உங்கள் பாயின்ட் இன்று இரவு காலாவதி’ என்று வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள். வங்கி புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை.

11. ஆறு மாதம் கழித்து அறிக்கையைப் பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். ‘ஃப்ரீ ஸ்கோர்’ செயலிகளில் பலவும் கடன் விற்கத்தான் உங்கள் எண்ணைக் கேட்கின்றன.

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. முதல் எண்ணைவிட, அறிக்கையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். உங்கள் கார்டு ஒன்றுதான் இருக்கிறதா, நீங்கள் வாங்காத கடன் ஏதும் இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் சரியா. தவறு இருந்தால் அங்கேயே திருத்தக் கோரிக்கை கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

12. வேலை கிடைத்த பிறகு

சம்பளம் வர ஆரம்பித்ததும் பிணையில்லாத கார்டு கிடைக்கும். பழைய கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் வைத்திருங்கள், உங்கள் வரலாற்றின் நீளம் அதில்தான் இருக்கிறது. எப்போதாவது ஒரு ரீசார்ஜ் செய்தால் போதும். ஓராண்டுக்கு மேல் தொடாமல் விட்டால், உங்களுக்குத் தெரிவித்துவிட்டு வங்கியே மூடலாம்.

மூட வேண்டும் என்றால் முதலில் பாக்கியைப் பூஜ்யம் ஆக்குங்கள். கார்டில் போகும் சந்தாக்களை நிறுத்துங்கள். பிறகு எழுத்து மூலம் கோரிக்கை கொடுங்கள். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடியதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு, எஃப்டியின் மேல் இருந்த பிணைக் குறியை நீக்கிவிட்டார்களா என்று செயலியில் பாருங்கள். கார்டு மூடியும் குறி நீங்காமல் எஃப்டி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை ஒரு மாணவரிடம் பார்த்தேன். கடிதத்தோடு கிளைக்கு நேரில் போன அன்றுதான் அது விடுபட்டது.